ஓப்பன் பேக் ஹெட்போனும் அம்ப்பும்: கொழும்பில் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்து ஹெட்போனைப் போட்டுப் பார்த்தவர்கள், பம்பலப்பிட்டிக் கடைக்குள் நின்றபடியே போன் எடுத்தவர்கள், கனடாவிலிருந்து வரும் உறவினரிடம் எதைச் சொல்லிவிடலாம் என்று கேட்டவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. என் பதில்களின் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் அறை, அடுத்தது ஹெட்போன், அம்ப்ளிபயர் (சுருக்கமாக அம்ப், ஹெட்போனுக்குப் போகும் மின்சாரத்தைப் பெருக்கும் கருவி) கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்து காசைக் கரைப்பதைப் பார்த்து மனம் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

ஓப்பன் பேக் என்றால் சரியாக என்ன?

சாதாரண ஹெட்போனில் காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியிருக்கும். ஓப்பன் பேக்கில் அந்த இடத்தில் கம்பி வலையோ துளையிட்ட தகடோ இருக்கும். ஒலி எழுப்பும் சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. பின்பக்கம் எழும் ஒலி கிண்ணத்துக்குள் மோதித் திரும்பாமல் வெளியே போய்விடுவதால், பாட்டு தலைக்குள் அடைபட்டது போல இல்லாமல் கொஞ்சம் விலகி, காற்றோட்டமாகக் கேட்கும். காதும் அவ்வளவு வியர்க்காது. கொழும்புப் புழுக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. சென்ஹைசர் 1968 இல் விற்பனைக்கு விட்ட எச்டி 414 தான் இந்த வகையின் முன்னோடி.

என் வீடு காலி வீதிக்குப் பக்கத்தில். எனக்கு இது சரிவருமா?

இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஓப்பன் பேக் வெளிச் சத்தத்தைத் தடுக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 100 ஆம் இலக்க பஸ்ஸின் ஹோர்ன், கீழ்வீட்டு குக்கர் விசில், கரையோர ரயில் எல்லாம் பாட்டோடு சேர்ந்துதான் வரும்.

என் அறை கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு தம்புராவோடு தொடங்கும் ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டால், தம்புரா இருப்பதே தெரியாது. மின்விசிறியின் சத்தம் அதை விழுங்கிவிடும். அதே பதிவை இரவு பதினொன்றுக்கு, விசிறியை ஒன்றில் வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கேட்டால் நான்கு தந்திகளும் தனித்தனியே எழுந்து அடங்குவது கேட்கிறது. ஹெட்போனை மாற்றவில்லை, அம்ப் சேர்க்கவில்லை. நேரம் மட்டுமே மாறியது.

ஆகவே வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் நேரத்தில், அந்த இடத்தில், காதில் எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அப்போது உங்களை உறுத்தும் சத்தம் எல்லாம் ஓப்பன் பேக் போட்ட பிறகும் உறுத்தும். சத்தத்தை மறைக்க ஒலியைக் கூட்டத் தொடங்கினால் காதுக்குக் கேடு. அப்படியான வீட்டுக்கு மூடிய ஹெட்போன்தான் நல்லது. அதை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம்.

பஸ்ஸுக்கும் அலுவலகத்துக்கும் ஓப்பன் பேக் வேண்டவே வேண்டாம்.

பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்குமா?

கேட்கும். ஒரே அறையில் குழந்தை தூங்குகிறது என்றால் யோசியுங்கள். சுவருக்கு அப்பால் பெரும்பாலும் போகாது.

எந்த மாடலை எடுப்பது? பெயரைச் சொல்லுங்கள்.

சரி, பெயரோடு சொல்கிறேன். ஆனால் நீங்கள் எதைக் கேட்பவர் என்பதைப் பொறுத்து இது மாறும்.

குரல்தான் முக்கியம், பழைய திரைப்பாட்டு, கர்நாடக வாய்ப்பாட்டு என்றால் சென்ஹைசர் எச்டி 600 அல்லது எச்டி 650. எச்டி 600 வந்தது 1997 இல். இத்தனை வருடம் கழித்தும் விற்பனையில் இருக்கிறது என்பதே அதற்கான சான்றிதழ். பாடுபவர் மூச்சு எடுக்கும் இடம், சொல்லின் முடிவில் வரும் மெல்லிய ஒற்று எல்லாம் இயல்பாக இருக்கும். எச்டி 650 இன்னும் கொஞ்சம் கதகதப்பு. இரண்டிலும் அடி ஆழத்து ஒலி குறைவு. மேடை விரிந்த உணர்வும், அதாவது வாத்தியங்கள் அகன்று தள்ளித் தள்ளி நிற்பது போன்ற உணர்வும் சுமார்தான். தலையை முதலில் இறுக்கிப் பிடிக்கும், சில வாரங்களில் தளரும்.

அதே நிறுவனத்தின் எச்டி 560எஸ் 2020 இல் வந்தது. விலை குறைவு, எடை சுமார் 240 கிராம்தான். எல்லா வகையும் கலந்து கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மேல் சுருதிகள் கொஞ்சம் துருத்தும், ஆனால் ஒரு கிழமையில் காது பழகிவிடும்.

பெயர்டைனமிக் டிடி 990 புரோ பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், ஏனென்றால் விலை கவர்ச்சியாக இருக்கிறது. கட்டுமானம் இரும்பு மாதிரி, காது மெத்தை வெல்வெட் போல, மணிக்கணக்கில் போட்டிருக்கலாம். ஆனால் 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகக் குத்தும். எண்பதுகளின் திரைப்பாட்டுப் பதிவுகள் பலவற்றில் ஏற்கெனவே மேல் சுருதி தூக்கல். அவற்றை இதில் கேட்டால் அரை மணியில் தலை வலிக்கும். ஈக்குவலைசரில் (ஒலியின் மேல், அடிப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தை, அதாவது இந்தக் குத்தும் இடத்தை, நான்கைந்து டெசிபெல் குறைக்கத் தயாரானவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன்.

ஏகேஜி கே702 விரிந்த மேடை தரும். நாதஸ்வரம், தவில், வாத்தியக் குழு என்றால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம் கோலால் அடிக்கும்போது நெஞ்சில் விழும் அந்தக் கனம் இதில் கிடைக்காது.

அந்தக் கனம் வேண்டுமென்றால் பிளானர் வகைக்குப் போக வேண்டும். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ அந்த வகைக்குள் நுழைய மலிவான வழி. இதில் சவ்வு முழுவதும் மெல்லிய கடத்திக் கோடுகள் ஓடுகின்றன. காந்தங்களின் புலத்தில் சவ்வு முழுதாக ஒரே நேரத்தில் அசைவதால் அடி ஒலி தளராமல் ஆழமாகப் போகும். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பழைய தவில் பதிவொன்றை இதில் கேட்டபோதுதான், மறுபக்கமான வலந்தலையில் விரல் கூடு படும் ஓசையையும் தொப்பியில் கோல் படும் ஓசையையும் முதன்முறையாக இரண்டு வெவ்வேறு பொருள்களாக உணர்ந்தேன். குறை என்னவென்றால் எடை, கிட்டத்தட்ட 390 கிராம். கழுத்து வலி உள்ளவர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கேம், படம் பார்ப்பதற்கு?

மேலே சொன்னவற்றில் எச்டி 560எஸ், கே702 இரண்டுமே நன்றாக இருக்கும். 'கேமிங்' என்று எழுதியதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். மைக் வேண்டுமென்றால் தனியாக வாங்கலாம்.

கடையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

யூனிட்டி பிளாசா பக்கமோ புறக்கோட்டையோ, கடைக்குள் இரைச்சல் இருக்கும். ஓப்பன் பேக்கை அங்கே கேட்டு ஒலித் தரத்தை முடிவு செய்ய முடியாது. ஆனால் பொருத்தத்தை முடிவு செய்யலாம். பதினைந்து நிமிடமாவது தலையில் வைத்திருங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு. தாடைக்குக் கீழே இடைவெளி விடுகிறதா, உச்சியில் அழுத்துகிறதா, காது உள்ளே இருக்கும் துணியில் உரசுகிறதா என்று பாருங்கள்.

உங்கள் போனிலேயே மூன்று பாட்டைத் தயார் செய்துகொண்டு போங்கள்: நீங்கள் நூறு தடவை கேட்ட ஒரு பெண் குரல், ஒரு தாள வாத்தியம், ஒரு கூட்டுப் பாடல். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டு அந்த ஹெட்போனுக்கு ஏற்றபடி தெரிந்தெடுத்ததாகத்தான் இருக்கும்.

300 ஓம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அம்ப் கட்டாயமா?

இல்லை. ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை அளவு, அந்த எண் பாதிக் கதைதான். மறுபாதி, கொடுக்கும் மின்சாரத்துக்கு அந்த ஹெட்போன் எவ்வளவு சத்தம் எழுப்புகிறது என்பது.

கணக்கோடு பார்ப்போம். எச்டி 650 க்கு 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபெல் வரும் என்று நிறுவனமே குறித்திருக்கிறது. எச்டி 560எஸ் க்கு 120 ஓம், அதே 1 வோல்ட்டுக்கு 110 டெசிபெல். எச்இ400எஸ்இ க்கு வெறும் 25 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 91 டெசிபெல்; 1 வோல்ட்டில் அது 40 மில்லிவாட் இழுத்து 107 டெசிபெல் வரை போகும்.

105 டெசிபெல் உச்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எச்டி 650 க்கு சுமார் 1.26 வோல்ட் வேண்டும், ஆனால் மின்னோட்டம் நான்கே மில்லிஆம்பியர். எச்இ400எஸ்இ க்கு 0.8 வோல்ட் போதும், ஆனால் 32 மில்லிஆம்பியர் தர வேண்டும். தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு அழுத்தம் வேண்டும், மற்றதற்கு அளவு வேண்டும். 300 ஓம் என்றால் பயம், 25 ஓம் என்றால் சுலபம் என்று கணக்குப் போடுவது இதனால்தான் பிழைக்கிறது.

உண்மையிலேயே பசியுள்ள ஹெட்போன்களும் இருக்கின்றன. ஹைஃபைமேனின் பழைய எச்இ-6 க்கு 50 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல்தான். அதே 105 ஐ எட்ட சுமார் 140 மில்லிவாட் வேண்டும். அதை வாங்கினால் அம்ப் கட்டாயம்.

என்னிடம் இருப்பதற்கு அம்ப் தேவையா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், காசு செலவில்லாமல். உங்களிடம் இருப்பதிலேயே மிகவும் குறைந்த ஒலியில் பதிவான பாட்டை எடுங்கள். புதிய திரைப்பாட்டு சரிவராது. அதில் சராசரிக்கும் உச்சத்துக்கும் வித்தியாசம் குறைவு, எதில் போட்டாலும் சத்தமாகத்தான் இருக்கும். பழைய கச்சேரிப் பதிவோ மேற்கத்திய சாஸ்திரிய இசையோ எடுங்கள். போனில் உள்ள ஈக்குவலைசர், ஒலி உயர்த்தும் அமைப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அமைதியான அறையில், உங்களுக்குப் போதும் என்று தோன்றும் வரை ஒலியைக் கூட்டுங்கள்.

எண்பது சதவீதத்துக்குள் போதும் என்று தோன்றினால், உங்களுக்கு அம்ப் தேவையில்லை. முழுதாகக் கூட்டியும் போதவில்லை, அல்லது தாள வாத்தியம் ஓங்கும் இடத்தில் கரகரப்பு வருகிறது என்றால் தேவை. இடையில் இருந்தால், ஈக்குவலைசர் பயன்படுத்துபவரா என்று யோசியுங்கள். அடி ஒலியை 6 டெசிபெல் தூக்கினால் அந்த இடத்தில் இரண்டு மடங்கு வோல்ட் வேண்டும். அதற்கு இடம் விட வேண்டும்.

ஆனால் அம்ப் போட்டால் ஒலித் தரமே கூடும் என்கிறார்களே?

நானும் அப்படித்தான் நம்பினேன். முதல் அம்ப்பை ஒரு 32 ஓம் ஹெட்போனுக்காக வாங்கினேன், அதுவும் ஹெட்போனின் விலையை விட அதிகம் கொடுத்து. முதல் இரவு வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து, ஒலித் திருகு கால்வாசிக்கு மேல் ஒருநாளும் போகவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையை எனக்குப் பின்னால் உட்கார வைத்தேன். இரண்டு கருவிகளின் ஒலியளவையும் மல்டிமீட்டர் வைத்துச் சமப்படுத்திவிட்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் வயரை மாற்றச் சொன்னேன். பத்துத் தடவை. ஐந்துதான் சரியாகச் சொன்னேன். கண்ணை மூடி நாணயம் சுண்டியிருந்தாலும் அதே எண்ணிக்கைதான் வந்திருக்கும்.

முதல் இரவு கேட்ட வித்தியாசம் ஒலி கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் வந்தது. ஒரே பாட்டு 1 டெசிபெல் கூடக் கேட்டால் நம் காது அதைச் சத்தம் என்று உணராது, தெளிவு என்றே உணரும். ஆகவே அம்ப்பை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்தாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

மின்சாரம் போதாத இடத்தில் அம்ப் பெரிய வித்தியாசம் செய்யும். போதுமான இடத்தில், ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்தக் கருவியும் மற்றதைப் போலவே கேட்கும்.

அப்படியானால் எந்தக் கருவியும் சரிதானா?

ஒரு விதிவிலக்கு உண்டு: வெளியீட்டு மின்தடை. பழைய ஸ்டீரியோ ரிசீவர்களிலும் சில கணினிகளிலும் ஹெட்போன் துளைக்கு முன்னால் பெரிய மின்தடை இருக்கும், 100 ஓமுக்கு மேலும் போகும். பிளானர் அல்லாத வழக்கமான ஹெட்போனின் ஓம் எல்லாச் சுருதியிலும் ஒரே அளவு இல்லை. எச்டி 600 ஐ 300 ஓம் என்கிறோம், ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது 500 ஐத் தொடும். கருவியின் மின்தடை அதிகமாக இருந்தால் அந்த இடம் மட்டும் தூக்கலாக வரும். எச்டி 600 இல் அது ஏறக்குறைய 1 டெசிபெல்தான். 32 ஓம் ஹெட்போனில் அடி ஒலி பல டெசிபெல் ஊதி, கொழகொழவென்று ஆகலாம். கருவியின் மின்தடை ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. பிளானர் ஹெட்போன்களின் ஓம் எல்லாச் சுருதியிலும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் அவற்றில் இந்தப் பிரச்சினை இல்லை.

போனில் ஹெட்போன் துளையே இல்லை. என்ன செய்வது?

யூஎஸ்பி சி டொங்கிள் ஒன்று போதும், போனின் சார்ஜ் துளையில் செருகும் சின்ன வயர்தான் அது. அதற்குள்ளேயே டிஜிட்டலை ஒலியாக மாற்றும் டாக்கும் சின்ன அம்ப்பும் இருக்கின்றன. ஆப்பிளின் சின்ன வெள்ளை டொங்கிள் விலைக்கு மீறிய தரம், அளவீட்டிலும் சுத்தமானது. ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். அமெரிக்காவில் விற்பது 1 வோல்ட் தரும், ஐரோப்பாவில் விற்பது பாதிதான். லண்டனிலிருந்து சித்தி கொண்டுவந்தால் எச்டி 650 க்கு 6 டெசிபெல் குறையும். இரண்டாவது, பல ஆண்ட்ராய்டு போன்களில் இதன் ஒலி குறைவாகவே வரும். கணினியிலும் ஆப்பிள் போனிலும் அந்தத் தொல்லை இல்லை.

இன்னும் பலம் வேண்டுமென்றால் 2 வோல்ட்டும் அதற்கு மேலும் தரும் டொங்கிள்கள் உண்டு. 4.4 மில்லிமீட்டர் பாலன்ஸ்டு துளையில் (இரண்டு காதுக்கும் தனித்தனி வயர்கள் போகும் வகை) வழக்கமாக இரண்டு மடங்கு வோல்ட் கிடைக்கும், அதாவது 6 டெசிபெல். அதில் வேறு மந்திரம் இல்லை.

டொங்கிளை நான் விரும்ப இன்னொரு காரணம், அதற்குச் சுவர் மின்சாரம் வேண்டாம். 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாத இரவுகளில், மெழுகுதிரி வெளிச்சத்தில், மின்விசிறியும் நின்று, தெருவே அடங்கியிருந்த அந்த அமைதியில் கேட்டது போல நான் வேறு எப்போதும் பாட்டுக் கேட்டதில்லை. மேசை அம்ப் மூலையில் சும்மா கிடந்தது.

வெளிநாட்டிலிருந்து மேசை அம்ப் எடுப்பிக்கலாமா?

அடப்டரில் எழுதியிருப்பதை வாசித்த பிறகு. '100–240' என்று இருந்தால் சரி, முள்ளை மாற்றினால் போதும். வெறும் '120' என்று இருந்தால் நமது 230 வோல்ட்டில் நேரே செருகவே கூடாது. நல்ல அம்ப்கள் பலவற்றுக்கு வரும் கனமான அடப்டர் உள்ளே பழைய பாணி டிரான்ஸ்ஃபோமர்தான், அது ஒரே மின்னழுத்தத்துக்கு மட்டும் சுற்றப்பட்டது.

ரொறன்ரோ மாமா அனுப்பிய அம்ப்பை நான் முள் மாற்றி மட்டும் போட்டுச் செருகினேன். விளக்கு எரிந்தது, பாட்டும் வந்தது. இரண்டாவது பாட்டு முடியுமுன் கருகிய மணம். அடப்டரைத் தொட முடியாத சூடு. அம்ப் தப்பியது, அடப்டர் போனது. ஓடர் கொடுக்கும்போதே 230 வோல்ட் அடப்டர் கேளுங்கள். பெரும்பாலும் அப்படி ஒன்று இருக்கும்.

இங்கே கடையில் வாங்கினால் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 18 சதவீத வற் வரியும் விலையில் சேரும். ஆனால் பழுது வந்தால் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் இருப்பார். அதற்கு நான் பெறுமதி கொடுப்பேன்.

அம்ப் மாட்டியதும் 'ம்ம்ம்' என்று இரைகிறது.

கணினியும் அம்ப்பும் வெவ்வேறு சொக்கெட்டில் இருந்தால் ஒரே நீட்டிப்புப் பலகைக்கு மாற்றுங்கள். லாப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பிரச்சினை அம்ப்பில் இல்லை, பூமி இணைப்பில். பழைய தொடர்மாடிகளில் எர்த் ஒழுங்காக இருக்காது. ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்ப்பது உங்கள் உயிருக்கும் நல்லது. இடி மின்னல் நேரத்தில் அம்ப்பைக் கழற்றி வையுங்கள்.

எவ்வளவு சத்தமாகக் கேட்கலாம்?

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல், 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். பலமான அம்ப் வாங்கியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஓப்பன் பேக் ஒலி காதை அடைக்காது என்பதால், கூட்டிக்கொண்டே போனாலும் உடனே உறைக்காது. கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்று கேட்டால் அன்றைக்கு நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள்.

கடற்காற்றில் பழுதாகாதா?

ஆகும், கவனிக்காவிட்டால். செயற்கைத் தோல் மெத்தை நமது ஈரப்பதத்தில் உரிந்து கறுப்புத் தூளாகக் கொட்டும். துணி மெத்தை பரவாயில்லை. கேட்டு முடிந்ததும் விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் காயவிட்டு, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் பைகளே போதும். வலைக்குள் தூசி போகும், அதை ஊதாதீர்கள். மெல்லிய தூரிகையால் துடையுங்கள். மெத்தை அமுங்கிப்போனால் ஒலியும் மாறும். என் எச்டி 650 ஒரு கட்டத்தில் மந்தமாகிவிட்டது என்று நினைத்து விற்கப் பார்த்தேன். புது மெத்தை போட்டதும் பழையபடி ஆனது.

கையில் எண்பதாயிரம் ரூபா இருக்கிறது என்று வையுங்கள். எப்படிப் பிரிப்பது?

பிரிக்க வேண்டாம். வாங்கக்கூடிய நல்ல ஹெட்போனுக்கே முக்கால் பங்குக்கு மேல் போகட்டும், ஒரு டொங்கிளுக்கு மட்டும் கொஞ்சம் வையுங்கள். இரண்டு மாதம் கேளுங்கள். மேலே சொன்ன சோதனையில் ஒலி போதவில்லை என்று தெரிந்தால், அப்போது அம்ப்புக்குச் சேருங்கள்.

ஐயோ, நான் ஏற்கெனவே அம்ப்பை வாங்கிவிட்டேனே?

பரவாயில்லை, வைத்திருங்கள். நல்ல திருகு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருப்பதே ஒரு சுகம். பின்னால் வெளியீட்டுத் துளை இருந்தால் மேசை ஸ்பீக்கரையும் அதிலேயே இணைக்கலாம். கொஞ்ச மின்சாரத்திலேயே அதிக ஒலி தரும் ஹெட்போனை மாட்டினால் 'கெயின்' (அம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) பொத்தானைக் குறைந்ததில் வையுங்கள். அப்போதுதான் திருகின் முழு வட்டமும் உங்களுக்குப் பயன்படும். சில மலிவு அம்ப்களில் திருகு தொடங்கும் இடத்தில் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒலி ஏற்றத்தாழ்வாக இருக்கும், அதுவும் இதனால் தீரும்.